எங்க கப்பல் கோணலாச் சுட்ட அஞ்சு நாள்

'வால்மீன் வேட்டை'யில மொத்தம் முப்பது கட்டம். அதுல ஏழாவது கட்டத்தை நான் ஒருநாளும் தாண்டினதில்லை. டெஸ்டிங் பொறுப்புல பதினொரு வருஷம் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவ சொல்ற பேச்சா இதுன்னு நீங்க சிரிப்பீங்க. நல்லா சிரிங்க. நான் ரிட்டயர் ஆகி வூட்டுல உட்கார்ந்தாச்சு, இனிமே யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாது.

புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் வந்து பேசுங்கக்கான்னு ஷாகிரா போன் பண்ணினா. எனக்கு மைக் புடிச்சுப் பேச வராது. எழுதிக் கொடுத்துடறேன், படிச்சுக்கட்டும்னு சொல்லிட்டேன். பில்டு போடறது, ரிப்போர்ட் எழுதறது எல்லாம் அவளே உங்களுக்குச் சொல்லித் தருவா. நான் எழுதப்போறது அஞ்சே நாள் கதை. ஒரு திங்கக்கிழமை ஆரம்பிச்சு வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. அந்த அஞ்சு நாள்ல நம்ம கம்பெனி இருக்குமா போகுமான்னு ஆகிப்போச்சு. அதுக்குக் காரணம் நான்தான்.

நான் காரிமங்கலம் பக்கத்துக்காரி. பெங்களூர்ல பேங்க் சாப்ட்வேரை டெஸ்ட் பண்ணிட்டு இருந்தேன். வூட்டுக்காரருக்கு பாலக்கோட்டுக்கு மாத்தல் வந்ததும், நாப்பத்தேழு வயசுல இங்க வந்து வேலை தேடினேன். அப்போ குமரேசன் அவரோட அப்பா வெச்சிருந்த உரக்கடைக்கு மேல மாடியில கேம் கம்பெனி ஆரம்பிச்சிருந்தாரு. அவரையும் சேர்த்து அஞ்சு பேர். கேம் ஆடுவீங்களாக்கான்னு கேட்டாரு. ஆட மாட்டேன் தம்பி, ஆனா தப்பு கண்டுபிடிப்பேன்னு சொன்னேன். எங்க அம்மா மாதிரியே பேசறீங்கன்னு சொல்லி அன்னிக்கே சேர்த்துக்கிட்டாரு. ஆறாவது ஆளா உள்ள போனேன்.

'வால்மீன் வேட்டை' நெட்டுல டவுன்லோட் பண்ணி ஆடற கேம். கன்ட்ரோலர்ல ரெண்டு கட்டைவிரலுக்கும் ரெண்டு குச்சி. இடது குச்சியைத் தள்ளினா கப்பல் போகும். வலது குச்சியை எந்தப் பக்கம் தள்றீங்களோ அந்தப் பக்கம் குண்டு பாயும். அவ்வளவுதான் ஆட்டம். கேக்கறதுக்கு லேசு. ஒரு கை ஓடணும், இன்னொரு கை சுடணும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கக் கூடாது. எனக்கு அது கடைசிவரைக்கும் வரல. கப்பலை இடது பக்கம் ஓட்டினா என் துப்பாக்கியும் கூடவே இடது பக்கம் வந்துரும்.

எங்க ஆபீஸ்ல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு. கேமோட எந்தப் புதுப் பதிப்பு, அதாவது பில்டு, வெளிய போறதா இருந்தாலும், யாராச்சும் ஒருத்தர் முதல் கட்டத்துல இருந்து முப்பதாவது கட்டம் வரைக்கும் ஒரே மூச்சுல ஆடி முடிக்கணும். நடுவுல உயிரெல்லாம் தீர்ந்து செத்தா மறுபடியும் முதல்ல இருந்து. முடிச்சவங்கதான் 'அனுப்பு'ங்கற பட்டனை அழுத்தணும். ஓனரே ஆனாலும் முடிக்காதவங்க அந்தப் பட்டனைத் தொடக் கூடாது.

ரெண்டு வருஷம் உழைச்சோம். வெளிநாட்டுல ஒரு கம்பெனி நாங்க அனுப்பின வீடியோவைப் பார்த்துட்டு, அவங்க வெப்சைட் கடையில முதல் பக்கத்துல போடறதா ஒத்துக்கிட்டாங்க. அதை விட்டா எங்களுக்கு வேற கதி இல்லை. குமரேசனோட அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, இந்த கேம் வெளிய வரலேன்னா மாடியில உர மூட்டை அடுக்கிக்கறேன்னு மகன்கிட்ட சொல்லிட்டாரு. அவர் வெளையாட்டுக்குச் சொல்ற ஆள் இல்லை. மூட்டையை மாடிக்கு ஏத்த ஆளுங்களைக்கூடப் பேசி வெச்சிருந்தாரு.

அந்தத் திங்கக்கிழமை காலையில மெயில் வந்துச்சு. நாங்க அனுப்பியிருந்த கேமை அந்தக் கம்பெனியில ஆடிப் பார்த்த ஆள் எழுதியிருந்தாரு. படம் அழகா இருக்கு, கப்பல் அருமையா ஓடுது, ஆனா குண்டு சொன்ன பேச்சு கேக்கல, குறி வெச்ச இடத்துக்குப் போகல. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குள்ள சரி பண்ணி அனுப்பலேன்னா உங்க இடத்தை வேற கேமுக்குக் கொடுத்துடுவோம்.

எல்லாரும் கன்ட்ரோலரை மாத்தி மாத்தி வாங்கி ஆடிப் பார்த்தோம். குண்டு அச்சுப் பிசகாம போச்சு. குமரேசன் முதல் கட்டத்தைக் கண்ணை மூடிட்டே முடிச்சுக் காட்டினாரு. அவருக்கு மூக்கு சிவந்துருச்சு. ஆடத் தெரிஞ்ச ஆளாப் பார்த்து எங்க கேமைக் கொடுங்கன்னு ஒரு பதிலை டைப் பண்ணி, அனுப்பறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பார்க்கச் சொன்னாரு. இங்கிலீஷ் நல்லாத்தான் இருந்துச்சு.

பெங்களூர்ல எனக்கு ஒரு டீம் லீடர் இருந்தாரு, கன்னடக்காரர். யாராச்சும் கோபமா மெயில் அனுப்பினா அவர் வாட்சைப் பார்ப்பாரு. "ஊட்டா ஆகலி, ஆமேலெ பரெயோணா"ம்பாரு. சாப்பாடு ஆகட்டும், அப்புறம் எழுதலாம்னு அர்த்தம். பதினொண்ணரை மணியா இருந்தாலும் சாப்பிடக் கூட்டிட்டுப் போயிருவாரு. அவருக்குப் பசிதான்னு நாங்க கேலி பண்ணுவோம். ஆனா அவர் டீம்ல இருந்து ஒருநாளும் வம்பு மெயில் போனதில்லை. நான் குமரேசனை இழுத்துட்டுப் போய் சாப்பிட வெச்சேன். ரெண்டாவது வாட்டி ரசம் ஊத்திக்கும்போது அவரே அந்த மெயிலை அழிச்சிடறேன்னாரு. பார்க்கிறோம்னு ஒரே வரி மட்டும் போச்சு.

பார்த்தோம், ஒண்ணும் கிடைக்கல. கம்ப்யூட்டரை மாத்தினேன், திரையை மாத்தினேன், பழைய பில்டை எல்லாம் எடுத்து ஓட்டினேன். எங்கேயும் குண்டு கோணலாப் போகல. செவ்வாய்க்கிழமை காலையில எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஒருவேளை எங்க கைதான் ரொம்பப் பழகிப்போச்சோ? இந்த கேமையே தொடாத கை வேணும். பாலக்கோட்டுல காலை நேரத்துல ஆளுக்கா பஞ்சம்? தக்காளியை மண்டியில போட்டுட்டு, பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் காத்துக்கிட்டு உரக்கடையில வந்து உட்கார்ந்திருப்பாங்க. ஒரு டிவியையும் நாலு கன்ட்ரோலரையும் கீழே இறக்கி, கல்லாவுக்குப் பக்கத்துல வெச்சேன்.

வந்தவங்க எல்லாம் ஆடினாங்க. ஒரு அம்மா ஒரே ஒரு குச்சியைப் புடிச்சுக்கிட்டு, இன்னொண்ணு எதுக்குங்க தண்டத்துக்குன்னு கேட்டாங்க. பாதிப்பேர் முதல் நிமிஷத்துலயே செத்தாங்க. ஆனா குண்டு தப்பாப் போகுதுன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. இருவது பேருக்கு மேல ஆடவெச்சு, ஒவ்வொரு பேருக்கு நேராவும் 'சரி'ன்னு எழுதி, அந்தத் தாளைப் பார்த்து நானே சந்தோஷப்பட்டுக்கிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பண்ணியிருக்கேன்னு அப்போ எனக்குத் தெரியல.

அப்போ மாதேஷ் உள்ள வந்தாரு. முப்பது வயசு இருக்கும், தீர்த்தமலைப் பக்கம். பொக்லைன் ஓட்டறவரு. பக்கத்துல ஒரு விவசாயிக்குப் பண்ணைக்குட்டை வெட்டிட்டு இருந்தாரு. வண்டியில எண்ணெய் ஹோஸ் வெடிச்சுப்போச்சு, மெக்கானிக் வர்ற வரைக்கும் வேலை இல்லைன்னு கடைக்கு வந்து உட்கார்ந்தவருகிட்ட ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தேன். நான் மூச்சுவிடக்கூட இல்லைங்க, அவர் நாலாவது கட்டத்துல இருந்தாரு. நாள் பூரா ரெண்டு லீவரை ரெண்டு கையில வெச்சுக்கிட்டு, ஒண்ணுல பூம்ங்கற நீட்டுக் கையைத் தூக்கி இன்னொண்ணுல மண்ணை அள்ற மனுஷன். அவர் இடது கைக்கு வலது கை என்ன பண்ணுதுன்னே தெரியாது. பதினேழாவது கட்டம் வரைக்கும் போயிட்டாரு. ஷாகிராவை மாடியில இருந்து கூப்பிட்டு வந்து காட்டினேன்.

ஷாகிரா யாருன்னு உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு உங்களுக்கெல்லாம் மேல இருக்காளே, அவளேதான். தர்மபுரியில அவங்க அப்பா செல்போன் கடை வெச்சிருக்காரு. தினம் பஸ்ல பாலக்கோட்டுக்கு வந்து போவா. கப்பல் ஓடறது, குண்டு பாயறது எல்லாம் அவ எழுதினதுதான். பெங்களூர்ல கிடைச்ச வேலையை வேண்டாம்னுட்டு எங்களோட இருந்தா.

மாதேஷ் செத்ததும் கன்ட்ரோலரை மடியில வெச்சு, வலது குச்சியை விரலால லேசாத் தட்டினாரு. இது சாஞ்சு கெடக்குதுங்களேன்னாரு. ஆமா, பழசு, எல்லாமே அப்படித்தான் இருக்கும், ஆனா குண்டு நேராத்தானே போகுதுன்னு நான் பெருமையாச் சொன்னேன். அவர் சிரிக்கல. வண்டியில ரிப்பேர் பார்க்கிற ஆள் மாதிரி குனிஞ்சு பார்த்தாரு.

"லீவர் நடுவுல நின்னா வண்டி சும்மா நிக்கோணுமுங்க. இங்க லீவர் சாஞ்சிருக்குது, வண்டி சும்மா நிக்குது. அப்பிடின்னா லீவரைச் சரி பண்றதுக்குப் பதிலா வண்டியை வளைச்சு வெச்சிருக்கீங்க. நல்ல லீவரைப் போட்டா இது கோணையா இழுக்குமுங்களே?"

நல்ல லீவரைப் போட்டு நாங்க பார்த்ததே இல்லை. ஷாகிரா முகத்தைப் பார்த்தேன், அவளுக்கும் அது உறைச்சிருந்துச்சு. அவ அடுத்த பஸ்ஸைப் புடிச்சு தர்மபுரிக்குப் போனா. அப்பா கடையில சொல்லிவெச்சு, புதன்கிழமை காலையில ரெண்டு புது கன்ட்ரோலரோட வந்தா. மாட்டினோம். குச்சியைத் தொடாமலே எங்க கப்பலோட துப்பாக்கி வலது பக்கம் திரும்பி நின்னுச்சு. நேரா மேல தள்ளினா குண்டு கோணலா ஓரமாப் போச்சு. அந்த வெளிநாட்டு மனுஷன் எழுதினது ஒவ்வொரு எழுத்தும் நிஜம்.

நடந்தது இதுதான். எங்ககிட்ட இருந்தது நாலே கன்ட்ரோலர், எல்லாம் ஒண்ணா வாங்கினது. முதல் கட்டத்துல எதிரிங்க இடது பக்க மேல் மூலையில இருந்துதான் வருவாங்க. ஒவ்வொரு புது பில்டுக்கும் நாங்க முதல்ல ஆடறது அந்தக் கட்டத்தை. தினமும் எத்தனை தடவைன்னு கணக்கே இல்லை, ரெண்டு வருஷம் எல்லா வலது கட்டைவிரலும் ஒரே பக்கமாத் தள்ளித் தள்ளி நாலு குச்சியும் அந்தப் பக்கம் சாஞ்சுப்போச்சு. கேமுக்குள்ள அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கமா கொஞ்சம் இழுக்கற மாதிரி ஒரு வரி எழுதியிருந்துச்சு. எங்க கோணலுக்கு அந்தக் கோணல் சரியாப் போச்சு. கீழே இருவது புதுக் கையைக் கொண்டுவந்த நான், அதே பழைய கன்ட்ரோலரைத்தான் எல்லாக் கையிலயும் கொடுத்தேன்.

குமரேசன் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிச்சாரு. பக்கத்துல எழுதினவங்க பேர் இருந்துச்சு, ஷாகிரா. அறையில எல்லாரும் இருந்தோம். யாரைக் கேட்டு இதைப் போட்டேன்னு அவர் அவளைக் கேட்டாரு. சத்தம் போடல, அதுதான் இன்னும் மோசமா இருந்துச்சு. அவளுக்கு ஞாபகமே இல்லை. ரெண்டு வருஷத்துல ஆயிரக்கணக்குல வரி எழுதினவ எதைன்னு ஞாபகம் வெச்சுக்குவா? கண்ணுல தண்ணி நின்னுச்சு, நான்தான் போட்டிருப்பேன், மன்னிச்சிருங்கன்னா.

எனக்கு ஞாபகம் இருந்துச்சு. குண்டு இடது பக்கம் ஒதுங்குது, சரி பண்ணுன்னு ரிப்போர்ட் போட்டது நான். ஒரு தடவை இல்லை, குச்சி சாயச் சாய மூணு தடவை போட்டிருக்கேன். மூணு தடவையும் அவ கொஞ்சம் கொஞ்சமா இழுப்பைக் கூட்டினா, மூணு தடவையும் நான் பார்த்துட்டு 'சரியாயிருச்சு'ன்னு மூடினேன். வேற கன்ட்ரோலர்ல பார்த்தியான்னு என்னை யாரும் கேக்கல. கேக்க வேண்டியது என் வேலை.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? நான் உடனே வாயைத் தொறக்கல. ஒரு டீயைக் கையில வெச்சுக்கிட்டு, அது ஆறுற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்பது வயசைத் தாண்டியாச்சு, இந்த வேலை போனா பாலக்கோட்டுல எனக்கு எவன் வேலை கொடுப்பான்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு. அந்தப் பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டே என் தப்பைத் தேடிட்டு இருந்தா. அதைப் பார்க்கச் சகிக்கல. எந்திரிச்சு, பழைய ரிப்போர்ட் மூணையும் திரையில தொறந்தேன்.

"அவளைக் கேக்காதீங்க. எழுதச் சொன்னது நான், மூணு தடவை. அவ சொன்னதைச் செஞ்சா. நான்தான் பார்க்க வேண்டியதைப் பார்க்கல."

குமரேசன் மூணையும் படிச்சாரு. கடைசி ரிப்போர்ட்ல, ஷாகிராவுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியலன்னு வேற நான் திமிரா எழுதி வெச்சிருந்தேன். அதைப் படிச்சுட்டு அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு, அப்புறம் எல்லாருக்கும். ஷாகிராவும் மூக்கைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சா. என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பல. ரெண்டரை நாள் இருக்கு, என்ன பண்றதுன்னு சொல்லுங்கன்னாரு குமரேசன்.

தப்பு பண்ணினவங்களுக்கு வர்ற வியாதி ஒண்ணு இருக்கு, ஜாஸ்தியாப் பண்ணி ஈடுகட்டப் பார்ப்பாங்க. எனக்கும் வந்துச்சு. குச்சியை அளந்து பார்க்கிற பக்கம் ஒண்ணு வைக்கலாம், ஆடறவங்க அவங்களே திருத்திக்கிற மாதிரி பண்ணலாம்னு குமரேசனும் நானும் பேச ஆரம்பிச்சு ஒரு முழுத் தாளை நிரப்பிட்டோம். அப்புறம் நானே அந்தத் தாளை மடிச்சு வெச்சேன். ரெண்டரை நாள்ல புதுசா எதைச் சேர்த்தாலும் புதுசா ஒரு ஓட்டை வரும். அந்த இழுக்கற வரியை எடு, குச்சி நடுவுல இருக்கும்போது கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் கப்பல் கண்டுக்காம இருக்கட்டும், வேற எதையும் தொடாதேன்னு ஷாகிராகிட்ட சொன்னேன். புதன்கிழமை சாயந்திரத்துக்குள்ள முடிச்சுட்டா. பழைய கன்ட்ரோலர் நாலையும் ஒரு சாக்குல கட்டி, குமரேசனோட அப்பாகிட்ட கொடுத்து, உர குடோன்ல வெச்சுப் பூட்டச் சொன்னேன். இல்லேன்னா எங்க ஆளுங்க பழக்க தோஷத்துல அதையே எடுப்பாங்க.

வியாழக்கிழமை அடுத்த இடி விழுந்துச்சு. புது கன்ட்ரோலர்ல எங்களால ஆட முடியல. ரெண்டு வருஷம் சாஞ்ச குச்சிக்குப் பழகின விரல் நேர் குச்சியில தடுமாறுது. கண்ணை மூடிட்டு ஆடின குமரேசன் கண்ணை அகலத் தொறந்துக்கிட்டே மூணாவது கட்டத்துல செத்தாரு. ஷாகிரா ஒன்பது வரைக்கும் போனா. சாயந்திரம் வரைக்கும் மாத்தி மாத்தி ஆடியும் யாரும் பதினாலைத் தாண்டல. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாத் தொறந்து பார்த்தோம், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரே மூச்சுல முப்பதை முடிக்க ஆள் இல்லை. முடிக்காம பட்டனை அழுத்தக் கூடாது.

ஷாகிராதான் சொன்னா, அந்த பொக்லைன் அண்ணன் கை நம்ம சாஞ்ச குச்சிக்குப் பழகல, அவர் முடிப்பாருக்கான்னு. ரெண்டு பேரும் ஆட்டோ புடிச்சு குட்டை வெட்டற இடத்துக்குப் போனோம். ஹோஸ் மாத்தி வண்டி ஓடிட்டு இருந்துச்சு. மாதேஷ் இறங்கி வந்தாரு. விஷயத்தைச் சொன்னதும், நாளைக்கு வேலை நின்னா இவருக்குத்தான் நஷ்டம், இவரைக் கேளுங்கன்னு நிலத்துக்காரரைக் காட்டினாரு. அவர் எழுபது வயசுக்காரர், தலையில துண்டு. நாங்க சொன்னதுல பாதி அவருக்குப் புரியல. எங்க கம்பெனி மூடிப்போகும், இவர் வந்தா பிழைக்கும்னு மட்டும் நான் சொன்னேன். சரி, கூட்டிட்டுப் போங்க, ஆனா நானும் வந்து பார்ப்பேன்னாரு.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கு மாதேஷ் கையைக் கழுவிட்டு, புது கன்ட்ரோலரோட டிவி முன்னாடி உட்கார்ந்தாரு. மாடியில இடம் பத்தாதுன்னு கீழே உரக்கடையிலேயே வெச்சோம். நிலத்துக்காரர் ஒரு யூரியா மூட்டை மேல உட்கார்ந்துக்கிட்டாரு. மண்டியில இருந்து ஆளுங்க வந்து நின்னாங்க. பத்தாவது கட்டம், பதினஞ்சு, இருவது. மனுஷன் கண்ணைச் சிமிட்டல. கூட்டம் கூடக் கூடச் சத்தமும் கூடுச்சு. அந்தப் பக்கம் பாருப்பா, பின்னாடி வர்றான் பாருன்னு நிலத்துக்காரரும் ஆரம்பிச்சுட்டாரு. இருவத்தாறாவது கட்டத்துல மாதேஷ் அவர் சொன்ன பக்கம் திரும்பினாரு, இந்தப் பக்கம் அடிபட்டு, கடைசி உயிரும் போய்ச் செத்தாரு.

மணி பதினொண்ணே முக்கால். குமரேசன் என்னை ஓரமாக் கூப்பிட்டாரு. மொத்த கேமும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல, இன்னொரு தடவை தோத்தா நேரம் போயிரும், இருவத்தாறு வரைக்கும் ஒரு தப்பும் வரல, மிச்ச நாலையும் தனியாப் பார்த்தாச்சு, அனுப்பிடலாங்கக்கான்னாரு. கெஞ்சற மாதிரி கேட்டாரு. கம்பெனி அவரோடது. நான் தப்பு பண்ணினவ, எதிர்த்துப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா தப்பு பண்ணினதாலதான் எனக்கு அது தெளிவாத் தெரிஞ்சுது.

"திங்கக்கிழமையும் நமக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, தம்பி. முடிக்காம அனுப்ப வேண்டாம்."

அவர் போய் மாதேஷுக்குச் சாப்பாடு வாங்கிட்டு வந்தாரு. நான் கடையில இருந்த கூட்டத்தை எல்லாம் வெளிய நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கினேன். உள்ள வேடிக்கை பார்க்கறவங்கள்ல நிலத்துக்காரர் மட்டும். அவரை வெளிய போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவரே துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு, இனி பேசமாட்டேங்கறதுக்கு.

மத்தியானம் ஒண்ணரைக்கு மறுபடி முதல் கட்டம். இந்தத் தடவை யாரும் கட்டத்தை வாய்விட்டு எண்ணல. இருவத்தாறு வந்தப்போ ஷாகிரா என் கையைப் புடிச்சா, தாண்டினதும் விட்டுட்டா. இருவத்தொன்பதுல மாதேஷுக்குக் கடைசி உயிர். முப்பதாவது கட்டத்துல வால்மீனோட தலை வரும், திரை பூரா அடைச்சுக்கிட்டு. அதுக்குக் கண் ஒண்ணு இருக்கும், அது தொறக்கிற ரெண்டு செகண்டுல நேரா அதுக்குள்ள குண்டு போகணும். ஓரமாப் போனா பிரயோஜனம் இல்லை. மாதேஷ் இடது கையில கப்பலை வட்டம் வட்டமா ஓட்டினாரு, வலது கட்டைவிரல் மட்டும் அசையாம காத்துக்கிட்டு இருந்துச்சு. கண் தொறந்துச்சு. தள்ளினாரு. குண்டு அவர் நெனச்ச இடத்துக்குப் போச்சு. தலை வெடிச்சு, திரை வெள்ளையாகி, எங்க பேரெல்லாம் ஓட ஆரம்பிச்சுது.

நான் கத்தினேன். என் வயசுக்கு அப்படிக் கத்தக் கூடாது. ஷட்டருக்கு வெளிய நின்னவங்க என்னமோ ஏதோன்னு அதைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்தாங்க. குமரேசனோட அப்பா கல்லாவுல இருந்து எந்திரிச்சு நின்னு கைதட்டினாரு. தட்டிட்டு, மூட்டை தூக்கற ஆளுங்களுக்குப் போன் போட்டு, மாடிக்கு வேலை இல்லை, வராதீங்கன்னு சொன்னாரு. குமரேசன் அதைக் கேட்டுட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நாலு மணிக்கு மாதேஷை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், பட்டனைக் காட்டினோம். நானாங்கன்னு கேட்டாரு. முடிச்சவங்கதான் அழுத்தணும்னு ஷாகிரா சொன்னா. சட்டையில ரெண்டு தடவை விரலைத் துடைச்சுக்கிட்டு அழுத்தினாரு.

சனிக்கிழமை ஒரே வரியில பதில் வந்துச்சு: இப்போ கப்பல் நான் சொல்றதைக் கேக்குது, முதல் பக்கத்துல வர்றீங்க. அதுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்த கேமாலதான் உங்க ஆபீஸ்ல இன்னிக்கு மூணு மாடி இருக்கு.

உங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். நீங்க தினமும் தொடற சாமானை நம்பாதீங்க, முக்கியமா அதுல எல்லாம் சரியா இருக்கும்போது. யாராச்சும் வெளியாள் உங்க கேம் கோணலா இருக்குன்னு சொன்னா அவருக்கு ஆடத் தெரியலன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஒரு வேளை சாப்பிடுங்க. தப்பு உங்களோடதுன்னா, இன்னொருத்தர் தலையில அது இறங்கறதுக்குள்ள எந்திரிச்சு சொல்லிருங்க. நான் டீ ஆறுற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அது இன்னிக்கும் எனக்கு வெக்கம்தான்.

கேம் அந்த வெப்சைட் கடைக்கு வந்த அன்னிக்குக் காலையில, யார் யாரோ எங்கெங்கிருந்தோ டவுன்லோட் பண்ணி ஆடிட்டு கருத்து எழுத ஆரம்பிச்சாங்க. ஷாகிரா ஒவ்வொண்ணா எங்களுக்குத் தமிழ்ல படிச்சுச் சொன்னா. படம் அருமைன்னு ஒருத்தர், பாட்டு போதாதுன்னு ஒருத்தர். அப்புறம் பேர் தெரியாத ஒருத்தர் எழுதினது வந்துச்சு. அதைப் படிக்க ஆரம்பிச்சு நடுவுல நிறுத்திட்டா. என்னடி, திட்டறாங்களான்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டிட்டு, முதல்ல இருந்து படிச்சா.

"ரொம்பக் கஷ்டமான கேம். நாப்பது தடவை செத்துட்டேன். நாப்பதும் என் தப்புதான், கப்பல் மேல ஒரு குத்தமும் இல்லை. மறுபடியும் ஆடப் போறேன்."